புகையைப் பாடிய நகரம்

ஒசாகாவிலிருந்தோ ஹிரோஷிமாவிலிருந்தோ புல்லட் ரயிலில் ஃபுகுவோகாவுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் கொகுராவில் இறங்குவதில்லை. கடலுக்கடியில் ஓடும் சுரங்கத்தைத் தாண்டி ரயில் கியூஷு தீவில் தலைகாட்டியதும் வரும் முதல் நிலையம் அது. கால் மணி நேரத்தில் ஹகாதா வந்துவிடும் என்று பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கியிருப்பார்கள். கொகுராவை உள்ளடக்கிய கிதாக்யூஷு நகரத்தில் ஒரு நாள் சுற்றினால், வாளில் தொடங்கி ரோபோ வரை வந்து நிற்கும் நானூறு ஆண்டு ஜப்பானிய வரலாற்றை ஒரே ஊரில் நடந்து பார்த்துவிடலாம். அதைவிடப் பெரிய விஷயம், தான் செய்த கேட்டைத் தானே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட ஓர் ஊரைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊர்கள் உலகில் அதிகமில்லை.

கிதாக்யூஷு என்ற பெயருக்கு வயது குறைவு. மோஜி, கொகுரா, வகாமாட்சு, யவதா, தொபாதா என்ற ஐந்து நகரங்கள் 1963 பிப்ரவரி 10 அன்று ஒன்றாக இணைந்து பிறந்தது அது. இணைந்த பிறகும் ஐந்துக்கும் தனித்தனி முகம் இருந்தது. கொகுரா கோட்டை நகரம். யவதா எஃகு நகரம். வகாமாட்சு நிலக்கரித் துறைமுகம். மோஜியில் கப்பல் கம்பெனிகளும் வங்கிகளும். தொபாதாவில் ஆலைகளும் அவற்றை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளும். இன்று ஒரே மாநகராட்சியின் வார்டுகளாக இருந்தாலும், ஊரைக் கேட்டால் கிதாக்யூஷு என்று சொல்லாமல் கொகுரா, யவதா என்றே சொல்கிறவர்கள் இப்போதும் உண்டு.

கொகுரா கோட்டையிலிருந்து தொடங்குவதுதான் முறை. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1602-ல் ஹொசோகாவா ததாஒகி என்ற சிற்றரசர் கட்டத் தொடங்கி ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கோட்டை. முன்னால் முராசாகி ஆறு, பின்னால் கடல், எதிர்க்கரையில் ஹோன்ஷு தீவு. கியூஷுவுக்குள் நுழையும் வாசலில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அன்று அரசியல். 1632-ல் ஹொசோகாவா குலம் குமாமோட்டோவுக்கு மாற்றப்பட்டு, நாட்டின் ராணுவ ஆட்சியாளரான ஷோகனுக்கு நெருக்கமான ஒகசவரா குலம் இங்கே வந்து அமர்ந்தது. உணவு உண்பதிலிருந்து வில் தொடுப்பது வரை சாமுராய்களின் நடையுடை ஒழுங்குகளை வகுத்தவர்கள் என்று பெயர் பெற்ற குலம் அது. வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் வளர்ப்பு மகன் இயோரி இந்த ஒகசவரா அரசவையில் தலைமை அதிகாரியாக உயர்ந்தார். முசாஷியின் நினைவாக 1654-ல் அவர் நிறுத்திய கல்வெட்டு கொகுராவின் தமுகே மலையில் இன்றும் இருக்கிறது. 1612-ல் முசாஷியும் அவருடைய எதிராளி கோஜிரோவும் மோதிய கன்ரியூ தீவும் எதிரே, இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள ஜலசந்தியிலேயே இருப்பதால், வாள்சண்டைக் கதைகளில் ஊறியவர்களுக்கு இந்த ஊர் ஒரு யாத்திரைத் தலம்.

கோட்டையின் மதிலை நெருங்கிப் பார்க்க வேண்டும். கற்களைச் செதுக்கவில்லை. அருகிலுள்ள அதாச்சி மலையிலிருந்து கொண்டுவந்த பாறைகளை அப்படியே, உருண்டையும் கோணலுமாக, இடுக்குகளில் சிறு கற்களைச் செருகி அடுக்கியிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. மதிலுக்கு மேலே எழும்பும் வெள்ளை மாளிகைக் கோபுரத்தை அவ்வளவு நம்பிவிடக் கூடாது. அது 1959-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம். பழைய கோபுரம் முக்கோண முகப்பு எதுவுமில்லாத மொட்டையான வடிவம் கொண்டது, மேல்மாடி மட்டும் கீழ்மாடியைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாகக் கட்டும்போது, கோட்டை என்றால் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்று உள்ளூரில் விரும்பியதால் பெரிய பெரிய முகப்புகளைச் சேர்த்துவிட்டார்கள். சுற்றுலாவுக்காக வரலாற்றை அலங்கரித்தது எனக்கு உவப்பில்லை. ஆனால் உள்ளே போனால் இந்தச் செய்தியை மறைக்காமல் சொல்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அந்தப் பழைய கோபுரம் 1837-லேயே தீ விபத்தில் போய்விட்டது. மிச்சமிருந்த அரண்மனைக்கு வந்த முடிவு இன்னும் கொடியது. 1866-ல் ஷோகனின் ஆட்சிக்கு எதிராகத் திரும்பிய சோஷூ நாட்டுப் படை, தகாசுகி ஷின்சாகுவின் தலைமையில் ஜலசந்தியைத் தாண்டி வந்தது. கொகுராவில் அப்போது அரசராக இருந்தது நான்கு வயதுக் குழந்தை. ஷோகன் அனுப்பிய தளபதி இரவோடு இரவாகக் கப்பலேறிப் போய்விட்டார். துணைக்கு வந்த பக்கத்து நாட்டுப் படைகளும் திரும்பிவிட்டன. தனித்து நின்ற கொகுரா சாமுராய்கள் எதிரியின் கையில் கோட்டை போகக் கூடாது என்று தங்கள் கையாலேயே அதற்குத் தீ வைத்துவிட்டு, உள்நாட்டு மலைப்பகுதிக்குப் பின்வாங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் சாமுராய் யுகத்தின் ஆட்சியே முடிவுக்கு வந்தது.

எரிந்த கோட்டை வளாகத்தைப் புதிய அரசாங்கத்தின் ராணுவம் எடுத்துக்கொண்டது. 1898-ல் 12-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் இங்கே அமைந்தது. அதன் செங்கல் வாசல் இன்னும் நிற்கிறது. அந்தப் படைப்பிரிவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றத்தான் எழுத்தாளர் மோரி ஓகாய் 1899-ல் கொகுராவுக்கு வந்து மூன்றாண்டுகள் குடியிருந்தார். பின்னாளில் இதே வளாகத்தில் மாபெரும் ஆயுதத் தொழிற்சாலை எழுந்தது. கோட்டைக்கு வந்த கதி பிறகு அந்த ஆயுதச் சாலையால் நகரம் முழுவதற்கும் வர இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொகுராவை எரிய வைத்த சோஷூ தரப்பிலிருந்து எழுந்தவர்தான் ஜப்பானின் முதல் பிரதமர் இதோ ஹிரோபூமி. 1900-ல் அவர் யவதாவுக்கு வந்து, கட்டி முடியாத ஊதுலையின் முன் பொறியாளர்களுடனும் அதிகாரிகளுடனும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஜப்பானியப் பாடநூல்களில் இடம்பெறும் அளவுக்குப் புகழ்பெற்றது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் வாளேந்திய குலங்களின் சண்டைக்களம், உலக வல்லரசுகளோடு போட்டி போடும் நாட்டின் உலைக்களமாக மாறிவிட்டது. அந்த வேகம்தான் மெய்ஜி ஜப்பானின் பெருமை. அதன் பின்விளைவுகள் பலவும் அந்த வேகத்திலிருந்தே வந்தன.

யவதா அதுவரை கடலோரச் சிற்றூர். அரசாங்கம் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. பின்னால் சிகுஹோ நிலக்கரி வயல்கள், முன்னால் டோகாய் விரிகுடா. சீனாவுடன் 1894-95-ல் நடந்த போரில் ஜப்பான் பெற்ற இழப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதி முதலீடானது. இரும்புத்தாதும் சீனாவின் தாயே சுரங்கத்திலிருந்துதான் வந்தது. வடிவமைப்பும் இயந்திரங்களும் ஜெர்மனியிலிருந்து. 1901 பிப்ரவரி 5 அன்று ஹிகாஷிதா முதலாம் ஊதுலையில் தீ மூட்டினார்கள். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடும். உலை சரியாக எரியவில்லை என்பதுதான் உண்மை. ஜெர்மன் முறைக்கு இங்கத்திய நிலக்கரி ஒத்துவரவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் 1902-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு நோரோ ககேயோஷி என்ற உலோகவியல் அறிஞரை அழைத்து, உலையின் உள்வடிவத்தைத் திருத்தி, நல்ல சுட்டகரி தயாரிக்க ஏற்பாடு செய்து, 1904-ல்தான் உலை நிலையாக ஓடத் தொடங்கியது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கி வைத்தால் போதாது, நம் மண்ணின் கரிக்கும் தாதுக்கும் அதைப் பழக்க வேண்டும் என்பதை யவதா பணம் கொடுத்துக் கற்றது.

நிலக்கரி வந்த வழி வகாமாட்சு. விரிகுடாவின் அக்கரையில் கரிக்கூடை சுமந்து கப்பலேற்றிய கூலிகளின் ஊர் அது. எழுத்தாளர் ஹினோ அஷிஹேயின் தந்தை அங்கே அந்தத் தொழிலாளர்களை நடத்திய மேஸ்திரி. ஆப்கானிஸ்தானில் வறண்ட நிலத்துக்குக் கால்வாய் வெட்டி, 2019-ல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் நகாமுரா தெத்சு அந்த மேஸ்திரியின் பேரன், சிறுவயதில் சில ஆண்டுகள் வளர்ந்ததும் இங்கேதான். வகாமாட்சுவையும் தொபாதாவையும் இணைக்கும் செந்நிறத் தொங்குபாலம் 1962-ல் திறக்கப்பட்டபோது ஆசியாவிலேயே நீளமானது. பாலம் இருந்தும் படகுச் சேவையை நிறுத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும் ஏறும் அந்தச் சில நிமிடப் படகுப் பயணத்தைத் தவற விடாதீர்கள். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

அதற்கு முன் 1945. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஜப்பானின் பிரதான தீவுகளில் முதன்முதலாகக் குண்டு வீசியது 1944 ஜூனில், இதே யவதா எஃகு ஆலையைக் குறிவைத்துத்தான். 1945 ஆகஸ்ட் 8 அன்று யவதா மறுபடி தீக்கிரையானது. மறுநாள் காலை, இரண்டாவது அணுகுண்டைச் சுமந்துகொண்டு ஒரு விமானம் கொகுராவின் மேல் வந்தது. முதல் இலக்கு கொகுரா ஆயுதச் சாலை. மூன்று முறை சுற்றி வந்தும் குறி தெரியவில்லை. மேகமூட்டமும் புகையும் கீழே மறைத்துவிட்டன. எரிபொருள் குறைய, விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாள் யவதா எரிந்த புகைதான் கொகுராவை மறைத்தது என்று பலர் சொல்கிறார்கள். ஆலையில் நிலக்கரித் தாரை எரித்துத் தாங்களே புகைத்திரை எழுப்பியதாக முன்னாள் தொழிலாளி ஒருவர் பல்லாண்டு மௌனத்துக்குப் பிறகு சொன்னதும் உண்டு. ஆயுதச் சாலை இருந்த இடம் இன்று கத்சுயாமா பூங்கா. அங்கே நாகசாகியின் மணியைப் போன்ற ஒரு மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 9-ம் நகரத்தார் அங்கே கூடுகிறார்கள். தங்களுக்கு வந்த சாவை வேறொரு ஊர் வாங்கிக்கொண்டது என்ற நினைப்பை இந்த நகரம் விட்டுவிடவில்லை. 2022-ல் பக்கத்திலேயே அமைதி அருங்காட்சியகம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள்.

போர் முடிந்து ஜப்பான் எழுந்தபோது புகையும் எழுந்தது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று யவதா வானில் கலந்து நின்ற புகையை ஏழுவண்ணப் புகை என்று கொண்டாடினார்கள். வானை நிறைக்கும் புகையைப் பெருமையோடு பாடியது யவதா நகரின் அதிகாரபூர்வ நகரப்பாட்டு. புகை வந்தால் வேலை உண்டு, வேலை உண்டென்றால் சோறு உண்டு. இதைக் கேலி செய்ய முடியாது. போரில் எல்லாம் இழந்தவர்களுக்கு அது கண்கண்ட நம்பிக்கை.

ஆனால் அந்த நம்பிக்கையின் விலை என்ன தெரியுமா? யவதாவின் ஷிரோயாமா பகுதியில் 1965-ல் ஒரு சதுர கிலோமீட்டரில் மாதந்தோறும் சராசரியாக 80 டன் தூசு விழுந்தது. ஜப்பானிலேயே அதுதான் உச்சம். அங்கே இருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆஸ்துமாவோடு வளர்ந்தார்கள். குடும்பங்கள் வெளியேற, பள்ளி பின்னர் மூடப்பட்டது. ஆலைக் கழிவுகள் கொட்டிய டோகாய் விரிகுடாவுக்குச் சாவுக்கடல் என்று பெயர் வந்தது. 1960களின் பிற்பகுதியில் அளந்து பார்த்தபோது விரிகுடாவின் உட்பகுதி நீரில் உயிர்வளியே இல்லை. மீன் இருக்கட்டும், குடல் கிருமிகூட அங்கே பிழைக்காது என்றார்கள். கப்பல்களின் உந்துவிசிறிகள் அந்தத் தண்ணீரில் அரித்துப் போயின.

இந்த இடத்தில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது. புகைக்கு எதிராக முதலில் பேசியது அரசாங்கமோ தொழிற்சங்கமோ இல்லை. தொபாதாவின் இல்லத்தரசிகள். 1950-லேயே நகாபாரு என்ற குடியிருப்பின் மாதர் சங்கத்தினர் பக்கத்து அனல்மின் நிலையத்தின் கரித்தூசை எதிர்த்தார்கள். எப்படி எதிர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். துவைத்த வெள்ளைத் துணிகளைக் கொடியில் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு கறுக்கிறது என்று நாள்தோறும் குறித்து வைத்தார்கள். அந்தக் கணக்கோடு போய் நின்றார்கள். நிலையத்தில் தூசு பிடிக்கும் கருவி வந்தது.

அடுத்த தலைமுறைப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1960களில் தொபாதாவின் மாதர் சங்கங்கள் மாசு பற்றிப் பாடம் படிக்கத் தொடங்கின. அந்த வார்டின் சமூகக் கல்வி அலுவலராக இருந்த, பின்னாளில் ஆவணப்பட எழுத்தாளராக அறியப்பட்ட ஹயாஷி எய்தாய் அவர்களுக்குத் துணை நின்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அளவை முறைகளைச் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் விழும் தூசைச் சேகரித்து எடை போட்டார்கள். பள்ளிகளுக்குப் போய் வருகைப் பதிவேடுகளைப் பார்த்து, காற்றில் கந்தகம் கூடிய நாள்களில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று ஒப்பிட்டார்கள். 1965-ல் 8 மில்லிமீட்டர் கேமராவில் ஒரு படமும் எடுத்தார்கள். நீலவானம் வேண்டும் என்பதுதான் படத்தின் பெயர், அதுதான் கோரிக்கையும்.

இவர்களில் பலருடைய கணவர்கள் அதே ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். உன் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் புகையை நீயே குறை சொல்லலாமா என்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு, கோஷத்தை நம்பாமல் கணக்கை நம்பினார்கள். மாசு எதிர்ப்பு வரலாற்றில் இவ்வளவு நிதானமான, இவ்வளவு உறுதியான போராட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. கோட்டைக்குத் தீ வைத்த சாமுராய்களின் வீரத்தைவிட, கொடியில் துணி காயப்போட்டுக் கணக்கெழுதியவர்களின் வீரம் இந்த ஊருக்கு அதிகம் தந்திருக்கிறது என்றே சொல்வேன்.

1969-ல் ஜப்பானின் முதல் புகைமூட்ட எச்சரிக்கை இந்த நகரத்தில்தான் விடுக்கப்பட்டது. அதன் பிறகு மாநகராட்சியும் வேகம் கொண்டது. 1972-ல் 54 தொழிற்சாலைகளோடு மாசுத் தடுப்பு ஒப்பந்தம். ஆலைகள் கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறின, புகைபோக்கிகளில் வடிகட்டிகள் வந்தன, உற்பத்தி முறையையே மாற்றிக் கழிவைக் குறைத்தார்கள். விரிகுடாவின் அடியில் பாதரசம் கலந்து கிடந்த சேற்றில் சுமார் 3.5 லட்சம் கனமீட்டரை 1970களின் நடுவில் தூர்வாரி எடுத்தார்கள். அந்தத் தூர்வாரும் செலவில் பெரும்பகுதி ஆலைகளின் தலையில் விழுந்தது. 1972 முதல் 1991 வரை மாசைத் தடுக்க நகரமும் தொழிற்சாலைகளும் சேர்ந்து செலவிட்டது சுமார் 80,000 கோடி யென். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் வரிப்பணம். கெடுப்பதற்கு ஆன காலத்தைவிடத் திருத்துவதற்கு ஆன பணம்தான் நம் ஆட்சியாளர்களும் தொழிலதிபர்களும் பார்க்க வேண்டிய கணக்கு.

இன்று டோகாய் விரிகுடாவில் 100-க்கும் மேற்பட்ட மீன் வகைகள் இருக்கின்றன. தூண்டில் போடுகிறவர்களைக் கரையில் பார்க்கலாம். 1990-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு குளோபல் 500 விருது கொடுத்தது. 1997 முதல் வகாமாட்சுவின் கடலோரத்தில் மறுசுழற்சி ஆலைகளுக்கென்றே ஒரு பேட்டை இயங்குகிறது. பழைய பாட்டில், பழைய கார், பழைய மின்விளக்கு எல்லாம் அங்கே பிரிந்து மறுபிறவி எடுக்கின்றன. இந்தோனேசியாவின் சுரபாயாவில் வீட்டுக் குப்பையை உரமாக்கும் எளிய கூடை முறையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

ஆலையின் கதை என்ன ஆயிற்று? ஹிகாஷிதா முதலாம் ஊதுலை பலமுறை இடித்துக் கட்டப்பட்டு, 1962-ல் பத்தாவது வடிவம் எடுத்து, 1972-ல் அணைந்தது. இடித்துவிடலாம் என்றபோது நகரத்தார் வேண்டாம் என்றார்கள். இன்று பூங்காவாக நிற்கிறது, கட்டணமில்லை. உச்சியில் 1901 என்ற பெரிய எண்பலகை. மேலே போகலாம். உருகிய இரும்பு வெளியே வந்த வாயின் முன்பு நிற்கலாம். தரையில் மணல் பாவிய வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து ஓடுகின்றன. நெருப்பு ஆறாக இரும்பு ஓடிய வழி அது. வார்ப்புத்தளத்தில் நின்ற தொழிலாளி எவ்வளவு பக்கத்தில் நின்றிருப்பார் என்று அங்கே நின்றால்தான் புரியும். பக்கத்தில் உருகிய இரும்பைச் சுமந்த நீள்வயிற்று ரயில் வண்டியையும் வைத்திருக்கிறார்கள்.

ஆலை நிலத்தில் வேறு என்னென்னவோ வந்து போயின. எஃகுத் தொழில் தேய்ந்த 1990-ல், வேலை இழப்போருக்கு வழி தேடி ஆலை நிறுவனமே விண்வெளிக் கேளிக்கைப் பூங்கா ஒன்றைத் திறந்தது. ஸ்பேஸ் வேர்ல்ட் என்று பெயர். 2017 டிசம்பர் 31 அன்று அது மூடப்பட்டது. 2022-ல் அதே இடத்தில் பெரிய கடைவளாகம் எழுந்தது. பூங்கா போனாலும் ரயில் நிலையத்தின் பெயர் ஸ்பேஸ் வேர்ல்ட் என்றே நின்றுவிட்டது. அங்கே இறங்கினால் ஒரு பக்கம் ஊதுலை, மறுபக்கம் கடைகள், நடுவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூடுகள்.

1899-ல் கட்டிய ஆலையின் முதல் தலைமை அலுவலகம், 1900-ன் பழுதுபார்க்கும் பட்டறை, பழைய உலைக்கூடம், ஒங்கா ஆற்று நீரேற்று நிலையம் ஆகியவை 2015-ல் மெய்ஜி தொழில்புரட்சித் தலங்களின் பட்டியலில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. ஆலை இன்னும் இயங்குவதால் உள்ளே விடுவதில்லை. செங்கல் அலுவலகத்தைப் பார்வை மேடையிலிருந்துதான் பார்க்க முடியும். பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1940களில் கொரியாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு இந்தத் தலங்கள் சிலவற்றில் கடும் வேலைக்கு உட்படுத்தப்பட்டதை ஜப்பானியப் பிரதிநிதி யுனெஸ்கோ கூட்டத்திலேயே சொன்னார். யவதாவில் வேலை செய்ய வைக்கப்பட்ட ஒருவர் உள்ளிட்ட கொரியர்களுக்கு எஃகு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் தென் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் இன்றும் இரு நாடுகளுக்கும் ஒத்த கருத்து இல்லை. மாசைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய நகரத்தில், இந்தத் துயரத்துக்கும் அதே அளவு இடம் வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

எல்லாப் பழமையையும் இந்த நகரம் காத்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. மோஜி துறைமுகத்தில் 1914-ன் மர ரயில் நிலையத்தை மிக அழகாகப் புதுப்பித்து, 1995 முதல் அந்தப் பகுதியையே பழங்கால வீதியாக வளர்த்திருக்கிறார்கள். பார்க்கத் தெவிட்டாத இடம். ஆனால் 2023-ல் அதன் பக்கத்திலேயே மண்ணுக்கடியில் 1891-ல் தொடங்கிய முதல் நிலையத்தின் அடித்தளங்கள் வெளிப்பட்டபோது, அங்கே அரசுக் கட்டடம் கட்ட வேண்டும் என்று நகர நிர்வாகம் பிடிவாதமாக இருந்தது. பாரம்பரியச் சின்னங்களுக்கான உலக அமைப்பான இகோமாஸ் எச்சரித்தும் இடிப்பு நடந்தது. புதிதாகக் கட்டிய கோட்டைக்குக் காட்டும் அக்கறையை அசலான கல்லுக்குக் காட்டாமல் போனது வருத்தம்தான்.

கொகுராவின் சமையலறை என்று பெயர் பெற்ற தங்கா சந்தையும் அடி வாங்கியது. ஆற்றின் மேல் தூண் நிறுத்திக் கட்டிய கடைகள், குறுகிய சந்து, மத்தி மீனைத் தவிட்டு ஊறலில் வேகவைத்து விற்கும் அம்மாக்கள். தவிட்டு ஊறல் ஒகசவரா அரசர் காலத்தில் இங்கே பரவியதாம். 2022-ல் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இரு முறை தீ விபத்து. இரண்டாவது தீயில் 1939-ல் தொடங்கிய ஷோவாகான் என்ற திரையரங்கமும் சாம்பலானது. ரசிகர்கள் கொடுத்த பணத்தின் துணையோடு 2023 டிசம்பரில் அது மறுபடி திறந்தது.

தொழிலாளர் நகரத்தின் சுவை இன்னும் இரண்டு இடங்களில் மிஞ்சியிருக்கிறது. ஒன்று, சாராயக் கடையின் ஓரத்திலேயே நின்றபடி ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகும் வழக்கம். இரவு ஷிஃப்ட் முடித்து காலையில் வரும் எஃகுத் தொழிலாளிகளுக்காக வந்தது. இன்னொன்று, கத்தாபான் என்ற ரொட்டி. ஆலையே நூறு ஆண்டுகளுக்கு முன் தன் தொழிலாளர்களுக்குச் சத்துணவாகத் தயாரித்தது. தகடாகத் தட்டையாக இருக்கும். பல்லால் கடிக்க நினைக்காதீர்கள், பல்தான் போகும். இரண்டைச் சேர்த்துத் தட்டி உடைத்து, துண்டை வாயில் போட்டு ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பாலில் நனைத்தும் சாப்பிடுகிறார்கள். இன்றும் ஊரில் எங்கும் கிடைக்கிறது.

மாலையில் 622 மீட்டர் உயர சாராகுரா மலைக்கு கேபிள் காரில் ஏறினால் முழு நகரமும் கண்ணில் விழும். ஆலை விளக்குகளைப் பார்க்கவென்றே கடலில் இரவுப் படகுகள் விடுகிறார்கள். மக்கள்தொகை 1979-ல் 10 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இன்று 9 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஜப்பானின் பெருநகரங்களில் முதியோர் விகிதம் மிக அதிகமானவற்றுள் இது ஒன்று. காற்று சுத்தமானது, ஆட்கள் குறைந்தார்கள். யவதாவில் பிறந்த யஸ்காவா நிறுவனத்தின் ரோபோக்களும், கொகுராவில் 1917-ல் தொடங்கிய டோட்டோவின் கழிப்பறைப் பீங்கான்களும் உலகெங்கும் போகின்றன. ஆனால் ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் பேரைச் சுமந்த எஃகின் இடத்தை அவை நிரப்பவில்லை.

நேரம் குறைவென்றால் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நாளை ஹிகாஷிதாவுக்குக் கொடுங்கள். ஊதுலையிலிருந்து நடக்கும் தூரத்தில் சுற்றுச்சூழல் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பெண்களின் போராட்டமும் சாவுக்கடலின் கதையும் அங்கே விரிவாக இருக்கின்றன. ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எவரும், நகராட்சியில் பொறுப்பில் இருக்கிற எவரும் அதைப் பார்க்க வேண்டும். கொகுராவின் ஊதுலை 2020-லேயே நின்றுவிட்டது. தொபாதாவில் எரியும் கடைசி ஊதுலைக்குப் பதிலாக மின் உலையைக் கொண்டுவர நிப்பான் ஸ்டீல் 2025-ல் முடிவெடுத்திருக்கிறது. 2029-30 நிதியாண்டில் மின் உலை ஓடத் தொடங்கும் என்கிறார்கள். ஊதுலை எரியும் யவதாவைப் பார்க்க நினைப்பவர்கள் அதற்குள் போய்விட்டு வாருங்கள்.